கீறலும் கையெழுத்தும்

சென்னையிலிருந்து குர்கான் வந்து இறங்கிய காரின் பின் பம்பரில் புதுக் கீறல். லாரி டிரைவர் நீட்டிய காகிதத்தில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று முன்பே அச்சடித்திருந்தார்கள். அதை அடித்து, கீறல் விவரத்தை எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டேன். டிரைவர் முகம் சுளித்தார். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஏற்றும் முன் எடுத்த வீடியோவும் என்னிடம் இருந்தது.

காரை ஏற்றிவந்த கம்பெனியின் பில்லில் டிரான்சிட் இன்சூரன்ஸ் என்று தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். பாலிசி எண் கேட்டால் மட்டும் போன் கட்டாகிவிடும்!

போனில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்காவிட்டால் பிறகு வழக்கே போட முடியாது. 'பார்க்கலாம் சார்' என்ற பதிலை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. கம்பெனிகள் அப்படி இழுப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்தேன். அது தீர்ப்பு சொல்லும் இடமல்ல, ஆனால் கம்பெனியிடம் பதில் கேட்கும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணமே இல்லை என்பதையும் நோட்டீசில் சேர்த்திருந்தேன்.

பெயின்ட் செலவை முழுதாகத் தருவதாக மெயில் வந்திருக்கிறது. கூடவே 'இனி புகார் எதுவுமில்லை' என்று எழுதிக் கேட்கிறார்கள். பணம் கணக்கில் ஏறட்டும், அப்புறம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.