தேசிக்காய் சென்ற வழி

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருவீதியில், இணுவிலைக் கடந்ததும் வருவது மருதனார்மடம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 ஆம் ஆண்டிலே பெண்களுக்கென நிறுவிய கல்லூரி இங்குதான் உள்ளது. சந்தையும் பெயர் பெற்றதே. எனினும் நம் சிந்தையை ஈர்ப்பது ஊர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் 'மடம்' என்னும் சொல். வழிநடைப் பயணிகள் தாகந் தணித்துக் களைப்பாறும் இடமல்லவா மடம்! வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில் அதனினும் பெரிய அறம் யாது?

எது அரிதோ அதனைப் பற்றியே மக்கள் கதை புனைவர் போலும். உருசியாவின் வடகிழக்குக் கோடியில், நெடிய பனிக்கால இருளினூடே வாழும் சுக்சி மக்கள், அண்டங்காக்கை விடியலின் சுவரை அலகினாற் கொத்தித் துளைத்து வெளிச்சத்தை வரவழைத்தது என்பர். வெயிலுக்குக் குறைவில்லாத நம்மவரோ தண்ணீரைப் பற்றிக் கதை சொன்னார்கள்.

மருதனார்மடத்திலிருந்து வடக்கே சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைத் தாண்டினால் மாவிட்டபுரம். அதன் மேற்கே கடலோரத்தில் கீரிமலை. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் அவ்வூற்றில் நீராடி மனிதமுகம் பெற்றாராம். பின்பு குதிரைமுகத்துடன் வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் அங்கே தீர்த்தமாடி நலம் பெற்று, முருகனுக்கு ஆலயம் எடுப்பித்தாள். மா என்பது குதிரை. அம்முகம் விட்ட இடம் மாவிட்டபுரமாயிற்று. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை' இளவரசியின் வரலாற்றை விரித்துரைக்கின்றது. அலை மோதும் கரையருகே நன்னீர் சுரப்பதைக் கண்டவர்கள் இத்தகைய கதையைச் சொன்னதில் வியப்பென்ன?

சுன்னாகத்தில் கிழக்கே திரும்பிப் புத்தூர் வீதி வழியே சென்றால் நவக்கிரியில் நிலாவரைக் கிணறு. வானர சேனையின் தாகந் தீர்க்க இராமபிரான் வில்லை ஊன்றியபோது பிறந்ததாம் அது. இதில் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலையில் மிதக்கும் என்று பாட்டிமார் சொல்லுவர். இக்கதைகளுள் நமக்கு மிகவும் பிடித்தது இதுவே.

தேசிக்காயின் பயணத்துக்கு நாம் சாட்சி கூற இயலாது. ஆனால் நிலத்தின் அமைப்பு பாட்டிமாரின் கட்சியிலேயே நிற்கின்றது. குடாநாடு சுண்ணக்கல்லால் ஆனது. மழைநீர் அக்கல்லைக் கரைத்துக் கரைத்து வெடிப்புகளும் குகைகளும் ஆக்கியிருக்கின்றது. நிலாவரையும் அவ்வாறு கூரை இடிந்த குகையே என்பர். அதன் மேல்மட்டத்தில் நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நன்னீர் கனம் குறைந்ததாகையால் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கணக்கு. இயந்திரம் வைத்து மேலே ஓரடியை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறிவரும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். துலா மிதித்து இறைத்த காலத்தில் இந்தக் கவலை இருந்ததில்லை.

நிலத்தின் கீழ் நீர் வழிகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதற்குக் கசப்பான சான்றும் கிடைத்தது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில், மருதனார்மடத்துக்கு அடுத்த சுன்னாகத்திலும் அயலிலும் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. வாளியில் அள்ளிய நீர் மணத்தது. மின் நிலையக் கழிவெண்ணெய் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019 இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. தேசிக்காய் செல்லும் வழியில் எண்ணெயும் செல்லுமன்றோ!

ஆடி அமாவாசையன்று மாவிட்டபுரம் கந்தன் தீர்த்தமாடக் கீரிமலைக்கு எழுந்தருள்வான். 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்தபின் நெடுங்காலம் அடியார் செல்ல இயலாதிருந்த கரை அது. இன்று அங்கே பிதிர்க்கடன் முடித்துக் கேணியில் மூழ்குவோர் பலர். அவர்கள்மேல் படும் அக்குளிர்ந்த நீர், நம் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் அடியிலுள்ள சுண்ணக்கல்லினூடே கசிந்து வந்த மழைநீரே.