சிரிப்பானும் நெட்டைக்காலியும்

மலையில் பிறந்தவர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்ட ஓர் ஆள் வேண்டுமா? எங்கள் விலங்கியல் துறையின் பறவை காணும் பயணத்திற்கு வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்திருப்பதாகப் பேராசிரியை அவர்கள் அறிவித்ததும் வகுப்பில் எழுந்த முதல் கேள்வி இது.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பாட்டி கொழுந்து பறித்தார். அம்மா இன்றும் பறிக்கிறார். எங்கள் லயத்தில் (பிறர் லைன் வீடு என்பதை இலங்கையிலிருந்து வந்த நாங்கள் இன்னும் லயம் என்றே சொல்கிறோம்) கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "குருவி பார்க்கவா காசு கட்டிப் போறே? வாசல்ல நின்னா பார்க்கலாமே" என்றார் அம்மா. வேன் செலவுக்குத் தலைக்கு 150 ரூபாய். கேட்டுவிட்டுக் கொடுத்தும் விட்டார்.

ஜனவரி மாதம். புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவினாற்போல் கிடந்தது. இருபத்திரண்டு மாணவ மாணவியர். நான்கே நான்கு பைனாகுலர்கள். வழிகாட்டி அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இளமையில் சீகை மரம் வெட்டும் கூலியாக இருந்து, அங்கேயே பறவைகளைப் பழகிக்கொண்டவர். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆயினும் பறவைகளின் இலத்தீன் பெயர்களை அவர் சொன்ன வேகத்தில் எங்களால் எழுத முடியவில்லை.

முதலில் தொட்டபெட்டாவின் அடிச்சோலை. 2,637 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்குச் சுற்றுலா வண்டிகள் ஏறத் தொடங்குமுன் நாங்கள் மரங்களுக்குள் நுழைந்துவிட்டோம். "பேச்சை நிறுத்துங்க. இங்கே பார்க்கிறதுக்கு முன்னாடி கேட்கணும்" என்றார் அண்ணன். நின்றோம். சிறிது நேரத்தில் புதருக்குள்ளிருந்து யாரோ விட்டுவிட்டுச் சிரிப்பது போன்ற ஓசை எழுந்தது. தோழிகள் திடுக்கிட்டார்கள். எனக்கோ அது பழகிய சத்தம். எங்கள் லயத்தின் பின்னால் ஓடைக்கரையில் விடிந்ததும் கேட்பது. பாட்டி அதைக் கிண்டல் குருவி என்பார்.

அதுதான் நீலகிரிச் சிரிப்பான். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், கறுத்த மோவாய், செம்பழுப்பு வயிறு. ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1839இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். நீலகிரியையும் அதையொட்டிய சில உயர்ந்த மலைப்பகுதிகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இந்தப் பறவை கிடையாது என்று அண்ணன் சொன்னபோது என் உடல் சிலிர்த்தது. சிறு வயதில் தவிட்டுப் பழம் பறிக்கப் போனால் எங்களுக்கு முன்பே செடியில் உட்கார்ந்திருக்குமே, அதுவா? உலகின் எந்தப் பணக்காரனும் தன் தோட்டத்தில் கேட்க முடியாத ஓசையை நாங்கள் ஓட்டு வீட்டில் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறோம்.

அடுத்து நீரோடை ஓரத்து இருட்டில் நீலகிரிச் சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, உண்மையில் தரையில் தத்திப் புழு பூச்சி தேடும் சிறு நீலப் பறவை. வயிற்றோரம் மட்டும் செம்மண் நிறம். நான் பார்த்தது இரண்டு விநாடிகூட இராது. இதற்குப் பேராசிரியை அவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, இது வேறெந்தப் பேரினத்திலும் சேராதது என்று கண்டு 'ஷோலிகோலா' என்று புதுப்பேரினம் வகுத்தார்களாம். நம் தமிழ்ச் சோலை இலத்தீனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது! பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலும் பழனியிலும் இருப்பது வேறு இனம். இன்னும் தெற்கே அசம்பு மலையில் மற்றொன்று. வெப்பமான தாழ்நிலத்தைக் கடக்காத இந்தப் பறவைகளுக்கு ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு. கடலுக்குப் பதில் சமவெளி, அவ்வளவுதான். ஐந்து மதிப்பெண் வினாவுக்காக 'தனித்தமைதல்' என்று மனப்பாடம் செய்திருந்தது அன்றுதான் எனக்கு விளங்கியது.

கருப்பும் ஆரஞ்சுமான ஈபிடிப்பான், நீலகிரி நீல ஈபிடிப்பான், காட்டுப்புறா எல்லாவற்றையும் எழுதினால் இதழாசிரியர் கத்தரி எடுப்பார். அவலாஞ்சிக்கு வருகிறேன்.

2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டிய இடம் அது. அங்கே மேட்டுச் சரிவுகளில் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலை. உறைபனி சோலை மரக்கன்றுகளை வெட்டவெளியில் பிழைக்க விடுவதில்லை. அதனால்தான் புல்லும் சோலையும் இப்படி எல்லை பிரித்துக்கொண்டு நிற்கின்றன என்பது ஆய்வாளர் பலர் கருத்து. புல்லின் நடுவே ஒரு கல்லின்மேல் கோடு கோடாய்ப் பழுப்பு நிறத்தில், சாதாரணமாய், ஒரு பறவை. நீலகிரி நெட்டைக்காலி. புல் தூரின் அடியில் கூடு கட்டுவது; இந்த உயர்ந்த மலைகளை விட்டு எங்கும் போகாதது. அதற்குப் பின்னாலேயே சீகை மரங்கள் வரிசை வரிசையாக முன்னேறி வந்துகொண்டிருந்தன.

தோல் பதனிடவும் விறகுக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் சீகை. இப்போது நடாமலே பரவுகிறது. மரம் வளர்ந்த இடத்தில் நெட்டைக்காலி இராது. பழனி மலையில் நான்கு பத்தாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக ஆய்வு ஒன்று சொல்கிறது. மரம் நடுவோம் என்று பள்ளியில் ஆண்டுதோறும் முழங்கியவர்கள் நாங்கள். புல்வெளியைச் சும்மா கிடக்கும் இடம் என்று கணக்கிட்டதில்தான் எல்லாம் தொடங்கியிருக்கிறது.

"தேயிலைதான் சார் முதல் குற்றவாளி. வெறும் பச்சைப் பாலைவனம்" என்றான் வகுப்புத் தோழன் ஒருவன். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் என் பாட்டி. நுவரெலியாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து, 1971இல், பதினாறு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். அவர்களைப் போன்றவர்களுக்காகவே அரசு 1968 முதல் இங்கே தேயிலை போட்டது. சோலையும் புல்லுமாய்க் கிடந்த சரிவில் குழி வெட்டியதைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் குழிக்கூலியில் வளர்ந்த குடும்பத்தின் பெண்தான் அன்று பைனாகுலர் பிடித்து நின்றாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. அண்ணன்தான் பேசினார். "திட்டம் போட்டவங்க ஒருத்தரு, கூலிக்கு வெட்டினவங்க ஒருத்தரு தம்பி. நானும் நாத்துச் சீகை நட்டிருக்கேன். அன்னிக்குச் சோறு அதுதான்." பிறகு சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார்.

சாப்பிடும்போதுதான் சோலை ஓரத்தில் அந்தச் சின்னஞ்சிறு விருந்தாளியைக் காட்டினார். தொண்டையில் செந்நிறம், அதைச் சுற்றிக் கறுப்புக் கரை, சிட்டுக்குருவியினும் சிறிய உடல். காஷ்மீர் ஈபிடிப்பான். கோடையில் காஷ்மீரத்துக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. "இங்கே கொஞ்சம் தங்கும். மத்தது கடல் தாண்டி இலங்கை மலைக்குப் போயிடும். நுவரெலியாவில நிறையப் பார்க்கலாம்னு சொல்வாங்க" என்றார். நான் குறிப்பேட்டில் அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

வீட்டில் பாட்டியிடம் சொன்னேன். "நெஞ்சு செவந்த குருவியா? பங்களாத் தோட்டத்தில வாலை ஆட்டிக்கிட்டு நிக்கும்" என்றார் உடனே. அதுவேதானா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வேறு செந்தொண்டைப் பறவையாகவும் இருக்கலாம். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் நுவரெலியாவைப் பற்றிக் குளிரையும் அட்டையையும் தவிர வேறொன்று சொன்னது அன்றுதான்.

எங்கள் லயத்தின் பின்னால், தேயிலைக்குத் தப்பிய சோலைத் துண்டு ஒன்று ஓடையை ஒட்டி நிற்கிறது. எங்கள் குடிநீர் அதிலிருந்துதான் வருகிறது, விறகும் அதிலிருந்துதான். மூன்றாமாண்டு ஆய்வேட்டுக்கு அங்குள்ள பறவைகளை எண்ணப் பேராசிரியை அவர்கள் இசைவு தந்திருக்கிறார்கள். காட்டெருமை நிற்காத காலைகளில் ஆறு மணிக்குப் போகிறேன். சில நாள் அம்மாவும் வேலைக்குப் போகுமுன் வந்து நிற்கிறார். விறகு எங்கே வெட்டுவது என்ற பேச்சை நான் இன்னும் லயத்தில் எடுக்கவில்லை. எரிவாயு உருளையின் விலை தெரிந்தவர்களிடம் அதை எடுக்கும் முறை எனக்குப் பிடிபட வேண்டும். இதுவரை பதினேழு வகை. சிரிப்பான் நாள் தவறாமல் வருகிறது. சோலைக்கிளியை இருமுறை கேட்டேன். காஷ்மீர் ஈபிடிப்பான் மார்ச் கடைசிக்குள் கண்ணில் பட்டால் பாட்டியை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும்.