பலகைக் கட்டிலும் சுப்பீரியர் ஏரியும்

கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் இடையே கிடக்கும் சுப்பீரியர் ஏரி, பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரியாகும். அதன் பரப்பு ஏறக்குறைய 82,100 சதுர கிலோமீற்றர். நம் இலங்கைத் தீவின் பரப்போ 65,610 தான். இத்தீவை அப்படியே தூக்கி அவ்வேரியில் வைத்தாலும் சுற்றிவரத் தோணி விடுவதற்கு இடம் மிஞ்சும் என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதன் விரிவு ஒருவாறு விளங்கும். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பைக் காண்பதற்கு 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் வாரத்தில் நாங்கள் மூவர் புறப்பட்டோம். என் தமையனாரும் நானும் இராப்பொழுதைக் கழித்த இடம், வாகனத்தினுள் அடித்த 44 அங்குல அகலமுள்ள பலகைத் தட்டொன்று.

தமையனார் 1986இல் கனடாவுக்குச் சென்றவர். ரொறன்ரோ மாநகரின் கிழக்கே, நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோப் பகுதியிற் குடியிருக்கிறார். தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் உறக்கம், ஞாயிறில் கோயில் என்று முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்நாட்டில் அவர் அறிந்த தெருக்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். ஓய்வு பெற்ற பின்னர் முழங்கால் தேய்ந்துபோயிற்று. நவம்பரிற் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் கேட்டது ஒன்றே: "காலை வெட்டுறதுக்கு முன்னம் அந்தப் பெரிய ஏரியை ஒருக்காப் பார்த்துவிடவேணும், தம்பி."

ஏரிக்கரை வழியிலுள்ள விடுதிகளில் ஓர் இரவுக்கு நூறு டொலருக்கு மேற் கேட்பார்கள். மூவருக்கு இரண்டு அறை, மூன்றோ நான்கோ இரவு. கணக்குப் பார்த்த தமையனார் பிரயாணத்தையே கைவிட எண்ணினார். அப்போது அவருடைய மகன், "வாகனத்துக்குள்ளேயே படுக்கை அடித்துவிடலாம், அப்பா" என்றான். நம்மூரார் பொதுவாக ஜீப் என்று சொல்லும் வகையைச் சேர்ந்த உயரமான ரொயோட்டா வாகனம் ஒன்று அவனிடம் இருந்தது. அந்நாட்டில் இப்படிக் கட்டில் அடித்துக்கொண்டு ஊர் சுற்றுவோர் பலர். அதற்கு வசதியானவர், இல்லாதவர் என்ற வேறுபாடும் இல்லை.

எனக்கோ அந்த யோசனை உவப்பாயில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்களெல்லாம் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சாவகச்சேரித் தெருவோரத்தில் உழவு இயந்திரப் பெட்டியொன்றில் மூன்று இரவுகள் கிடந்தவன் நான். வண்டியிற் படுப்பதை ஓர் உல்லாசமாக நினைக்க என் முதுகெலும்பு இணங்கவில்லை. ஆயினும் தமையனாரின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாதிருந்தேன்.

கட்டில் அடித்த விதத்தைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். பின்னிருக்கைகளை மடித்துவிட்டால் இடம் போதுமே, பலகை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மடித்த இருக்கைகள் சமதளமாயிருப்பதில்லை; முன்பக்கம் சற்று உயர்ந்தும், மூட்டுகளிற் பள்ளமாகவும் இருக்கும். அன்றியும் மூட்டை முடிச்சுகளை எங்கே வைப்பது? தட்டை உயர்த்தினால் அதன் கீழ்ப் பெட்டிகளை வைக்கலாம். ஆனால் எவ்வளவு உயர்த்துவது என்பதிலேதான் வித்தை இருக்கிறது. மருமகன் முதலில் 14 அங்குலம் என்றான். தமையனார் வாகனத்தினுள் ஏறிச் சப்பணம் கட்டி அமர்ந்து, கூரைக்கும் தலைக்கும் இடையே கையை வைத்துப் பார்த்தார். "உயரத்துக்கு ஆசைப்பட்டால் விடியுமட்டும் கூனிக்கொண்டுதான் இருக்கவேணும்" என்று சொல்லி எட்டு அங்குலத்தில் நிறுத்திவிட்டார்.

நாலடிக்கு எட்டடி ஒட்டுப்பலகை ஒன்றே ஒன்று. முக்கால் அங்குலத் தடிப்பு. சில்லு மேடுகளுக்கு இடைப்பட்ட அகலம் 44 அங்குலம். படுப்பதற்கு வேண்டிய நீளம் 72 அங்குலம். அதை அரிந்தெடுத்தபின் 24 அங்குல நீளமுள்ள துண்டொன்று மிஞ்சியது. அதனைக் குறுக்கே மூன்றாகக் கிழித்து நான்கடி நீளமான மூன்று தாங்கு சட்டங்கள் ஆக்கினார்கள். ஓரத்தில் மீந்த நான்கங்குல நறுக்கு, மடிப்புக் கால்களுக்கு உதவிற்று. மரத்தூளைத் தவிர வீண்போனது எதுவுமில்லை! ஒரு பலகைக்குள் ஒரு கட்டில் அடங்கிய அந்தக் கணக்கிலே தமையனாருக்கு உண்டான மகிழ்ச்சி, பின்னர் ஏரியைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று.

பின்பக்க நான்கடி நிலையானது. முன்பக்க இரண்டடியைப் பிணைச்சல் வைத்துப் பூட்டி, பகலில் மடித்தும், இரவில் முன்னிருக்கைகளை முன்னே தள்ளி விரித்தும் வைக்கக்கூடியதாகச் செய்தார்கள். ஒட்டுப்பலகையின் விளிம்பிலே திருகாணியை நேராக முடுக்கினால் பலகை பிளந்துபோகும். ஆகவே முதலிற் சிறு துளை இட்டு, பசையும் பூசினார்கள். சட்டங்களின் அடியை வாகனத் தரையின் சரிவுக்கேற்பச் சீவினார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, வாகனத் தரையிலுள்ள கொளுக்கிகளோடு தட்டை வார்ப்பட்டிகளால் இறுகக் கட்டியதாகும். கட்டாத பலகை, சடுதியாகத் தடை போடும் வேளையில் முன்னிருப்பவரின் பிடரியைத் தாக்கிவிடும். எனவே மடிக்காமல் விட்ட ஓர் இருக்கையைத் தவிர வேறெங்கும் ஒருவரும் அமரவில்லை. ஓட்டத்தின்போது தட்டிற் படுப்பதற்கும் மருமகன் இடங்கொடுக்கவில்லை. அந்த இருக்கை இரவில் மடியும். மருமகன் வெளியே சிறு கூடாரத்திற் படுப்பதாக ஏற்பாடு.

இத்தகைய படுக்கை அவ்வழிக்குப் புதிதன்று. 1918ஆம் ஆண்டில் லோரன் ஹாரிஸ், மக்டொனால்ட், ஜோன்ஸ்ரன் ஆகிய ஓவியர்கள், அல்கோமா மத்திய புகையிரதப் பகுதியாரிடமிருந்து சரக்குப் பெட்டியொன்றைப் பெற்று, அதற்குள் படுக்கைத் தட்டுகளும் அடுப்பும் பொருத்தி, அதிலேயே குடியிருந்து அந்த மலைக்காடுகளை வரைந்தார்கள். புகைவண்டி அவர்களைப் பக்கப் பாதையொன்றில் விட்டுவிட்டுப் போகும். வேண்டிய இடத்தில் வேண்டிய நாள் தங்கி, மழை வந்தால் உள்ளே இருந்தும் வெயில் வந்தால் வெளியே சென்றும் தீட்டினார்கள். 1920இல் ‘எழுவர் குழு’ என்று பெயர் பெற்ற ஓவியர் கூட்டத்தில் இம்மூவரும் இருந்தனர். கனடாவின் வடபுலத்தை அந்நாட்டவர் கண்முன் நிறுத்தியவர்கள் அவர்களே.

ஸ்காபரோவிலிருந்து வடக்கே சட்பரி நகர் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அங்கிருந்து மேற்கே திரும்பிப் பதினேழாம் இலக்க நெடுஞ்சாலையைப் பிடித்தோம். முதலிரவு வழியிலிருந்த முகாம் திடலொன்றிற் கழிந்தது. உணவு மணம் கரடியை அழைக்கும் என்பதால், சமைத்த பாத்திரங்களை உடனே கழுவி, மிச்ச உணவையெல்லாம் மூடிய பெட்டிகளில் இட்டோம். தமையனார் ஆசையோடு பொதி கட்டியிருந்த கருவாட்டை மருமகன் புறப்படுமுன்னரே கண்டுபிடித்து வீட்டில் வைத்துவிட்டான். அந்தத் துயரம் சட்பரி தாண்டும் வரை பேச்சாயிருந்தது.

குளிருக்குப் பயந்து யன்னல்களை முற்றாகப் பூட்டினால், இருவர் விடும் மூச்சின் ஈரம் கண்ணாடியிற் படிந்து விடியற்காலையிற் படுக்கையின்மேற் சொட்டும். ஆகவே இரு பக்கமும் ஒரு விரற்கடை திறந்து நுளம்பு வலை போட்டோம். வெப்பத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உறங்குவது பேராபத்து; மணமும் நிறமுமில்லாத காபனோரொட்சைட்டு வாயு உள்ளே புகுந்தால் உறங்குபவர் விழிப்பதேயில்லை. கம்பளியை நம்புவதே நன்று.

இரண்டாம் இரவு அகாவா விரிகுடாக் கரையை அடைந்தோம். ஏரி கடல்போல் இரைந்துகொண்டிருந்தது. உப்பு மணம் மாத்திரம் இல்லை. ஆளுக்கு 22 அங்குலம் என்ற கணக்கிற் படுத்திருக்கையில், வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குக் கூடார வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுத்துப் போன சிறுவயது நினைவுகளைத் தமையனார் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று குரல் மாறிற்று.

"தொண்ணூற்றைந்தில நீங்கள் தெருவில கிடந்த செய்தி எனக்கு வானொலியிலதான் வந்தது. அன்றைக்கும் நான் வேலைக்குப் போனனான். அம்மா எப்படி இருந்தா?"

இருபத்தெட்டு ஆண்டுகளில் அவர் இதை என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மழை பெய்ததையும், பெட்டியில் அம்மாவைக் கிடத்திப் படங்கினால் மூடியதையும், வீட்டைப் பூட்டினாயா என்று மட்டும் அவர் இரண்டு முறை கேட்டதையும் சொன்னேன். தமையனார் நெடுநேரம் பேசவில்லை. பின் எழுந்திருந்து, தலைமாட்டு யன்னலை இன்னும் ஒரு விரற்கடை இறக்கிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் நாங்கள் காண விரும்பியது அகாவாப் பாறை. அனிஷினாபே என்னும் ஆதிக்குடியினர் செங்காவியினால் அதிலே ஓவியங்கள் தீட்டியுள்ளார்கள். ஆராய்ச்சியாளர் செல்வின் டியூட்னி என்பவர் பலகாலந் தேடி 1958இல் அவற்றைக் கண்டார். ஏரியினின்று செங்குத்தாக எழும் அப்பாறையின் அடியிலே சரிந்த ஒடுங்கிய விளிம்பொன்றில் நின்றுதான் பார்க்கவேண்டும். அலை எழுந்தால் அதில் ஒருவரும் நிற்க இயலாது. அன்று அலை ஓயவேயில்லை. 1975 நவம்பர் 10ஆம் நாள் ‘எட்மண்ட் பிற்ஸ்ஜெரால்ட்’ என்ற பெருங்கப்பல் 29 பேரோடு மூழ்கியது இந்த ஏரியிலேதான். ஆதலால் அதனோடு வாதாட யாரும் துணியவில்லை. விடுதியில் அறை எடுத்திருந்தால் திரும்பியே இருப்போம். கட்டில் கூடவே இருந்தபடியால் முகாமுக்கு இன்னோர் இரவுக் கட்டணம் செலுத்திவிட்டு அங்கேயே தங்கினோம்.

விடியற்காலையில் நீர் கண்ணாடிபோற் கிடந்தது. பாறைகளிடையே இறங்கும் செங்குத்தான படிகளில் தமையனார் ஒரு கையால் என் தோளையும் மறு கையாற் பாறையையும் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். விளிம்பை அடைய முக்கால் மணி நேரம் சென்றது. அங்கே கொம்பு முளைத்த பெரும் பூனை போன்ற நீர்த்தெய்வம், முதுகில் முள்வரிசையோடு, செந்நிறத்தில் நின்றது. மிஷிபெஷு என்பது அதன் பெயர். நீரை அமைதியாக்குவதும் கொந்தளிக்கச் செய்வதும் அதன் செயலென்பர். அருகே ஒரு சிறு தோணியும் வரைந்திருந்தது.

தமையனார் தோணியிலிருந்த ஆட்களை எண்ணத் தொடங்கினார்.