கால் நிற்க ஒரு பிடி மணல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். கடலுக்குப் போகிறவர்கள் கையில் காசில்லாமல் தவிக்க, பைபர் மாஸ்டருக்கோ சாப்பிடக்கூட நேரமிருக்காது. மரப் படகின் மேல் கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசின் தடவி, உருளையால் காற்றுக் குமிழை விரட்டுவது அவர் தொழில்.

அவருக்கு வயது 54. ஒரு காலத்தில் அவரும் கடலுக்குப் போனவர்தான். ஒருநாள் விடியற்காலையில் மீனைக் கிடங்கில் இறக்கும்போது டெக்கில் கால் வழுக்கியது. கிடங்கு வாயின் விளிம்பில் இடுப்பு அடித்தது. அன்று புயலுமில்லை, பெரிய அலையுமில்லை. மீன் கோழையும் தண்ணீரும் கலந்த வழவழப்பு, அவ்வளவுதான். ‘கடல்ல விழுந்திருந்தாலாவது கதை சொல்லலாம், படகுலயே விழுந்தவன் என்னத்த சொல்றது’ என்பார். அதோடு கடல் தொழில் முடிந்தது.

இந்த வருடம் ஓனர் ஒருவரோடு அவருக்கு மனத்தாங்கல். ஓனருக்கு டெக் கண்ணாடி மாதிரி வேண்டும். “ஒரு வாளி தண்ணி அடிச்சா செதிலெல்லாம் ஓடிடணும் மாஸ்டர்.” அதிலும் நியாயம் இருக்கிறது. சொரசொரப்பில் செதில் ஒட்டி நாறும், வலை மாட்டிக் கிழியும்.

“நடக்கிற இடத்துல மட்டும் மணல் போட்டுக் குடுக்கறேண்ணே.”

“போன தடவை ஒருத்தர் போட்டாரு. மூணே மாசத்துல உதிர்ந்து மொட்டையாயிடுச்சு.”

மாஸ்டரால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அது உண்மை.

அன்று ராத்திரி மெக்கானிக்கல் படிக்கும் மகள் செல்போனை நீட்டினாள். “நைனா, இதப் பாரேன். உன் வேலைய எவனோ கோல்ஃப் கட்டையில பண்றான்.”

காசிமேட்டுக்கும் கோல்ஃபுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. சென்னையில் அது நந்தனம் பக்கத்து விளையாட்டு. ஆனால் சிக்கல் ஒன்றுதான். பந்துக்கும் கட்டையின் முகத்துக்கும் நடுவில் ஈரமோ புல்லோ சிக்கினால் பந்து வழுக்கிக்கொண்டு எகிறும். சுழற்சி குறையும், விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும். அதனால்தான் முகத்தில் வரி வரியாகப் பள்ளம். வண்டி டயரில் இருப்பது போலத் தண்ணீருக்கு வழிவிட. பள்ளங்களுக்கு நடுவே மணலைப் பீய்ச்சியடித்தோ நுண்ணிய கோடு கீறியோ சொரசொரப்பாக்குகிறார்கள்.

வெறும் இரும்பாக விட்டால் துருப்பிடிக்கும். குரோம் பூசினால் துருவைத் தாங்கும். வெற்றிட அறையில் உலோக ஆவியைப் படியவைக்கும் பூச்சு இன்னொரு வகை. தடிமன் சில மைக்ரான்தான், தலைமுடியில் சிறு பங்கு. அடியிலிருக்கும் சொரசொரப்பை மூடிவிடாமல் அதன் மேடு பள்ளத்தோடு ஒட்டிப் படியும்.

“தேயாதா?”

“தேயும் நைனா. பந்து படுற இடம் முதல்ல வெளுத்துடும்.”

சொரசொரப்புக்கு அந்த விளையாட்டில் அளவுக் கட்டுப்பாடும் உண்டு. பள்ளத்தின் விளிம்பு இவ்வளவுதான் கூர்மையாக இருக்கலாம் என்று 2010-ல் பெரிய போட்டிகளுக்கு விதி வந்தது. பந்தின் போக்கை மாற்ற முகத்தில் எதையாவது தடவிக்கொண்டு அடித்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். மாஸ்டர் சிரித்தார். “நல்லவேளை, டெக்குக்கு அந்த ரூல் இல்ல.”

சிரித்தவர் தூங்கவில்லை. பிடிப்பு இரும்பிலேயே இருக்கிறது, பூச்சு அதற்குக் காவல்தான் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. போன தடவை மணல் ஏன் உதிர்ந்தது? பழைய பெயின்ட்டின் மேல், டீசல் பிசுக்கோடு, தூவினால் போதுமென்று தூவியிருக்கிறார்கள். வேரில்லாத செடி எத்தனை நாள் நிற்கும்?

காலையில் ஓனரிடம் போனார். “உதிர்ந்தா கூலி வேணாம்ணே.” இரண்டு உதவியாளர்களுக்குத் தினக்கூலி கொடுக்கிற மனிதர் சொல்லக்கூடிய வார்த்தையா இது? வீட்டில் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த அர்ச்சனையை எழுத இடம் போதாது.

கிரைண்டரால் பழைய பெயின்ட்டைச் சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்தார். கடற்கரை மணலைத் தொடவில்லை. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பட்டால் ரெசின் சரியாக இறுகாது. கழுவிக் காயவைத்த குவார்ட்ஸ் மணலைச் சலித்து, ரெசின் பச்சையாக இருக்கும்போதே தூவினார். மணி பாதி முழுகி பாதி வெளியே நிற்க வேண்டும். முழுதும் முழுகினால் பிடிப்பில்லை, மேலோடு நின்றால் உதிரும். மறுநாள் ஒட்டாததைப் பெருக்கித் தள்ளி, மேலே மெல்லிசாக ஒரு பூச்சு. இதெல்லாம் கிடங்கு வாயைச் சுற்றியும், நடைபாதையிலும், விஞ்ச் பக்கமும் மட்டும். வலை இழுக்கும் பக்கத்தை ஓனர் கேட்டபடி கண்ணாடியாக்கிக் கொடுத்தார்.

தடை முடிந்து படகு போய், மீனோடு திரும்பியது. விடியுமுன்னே மாஸ்டர் துறைமுகத்தில். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கிடங்கு வாயருகே இருபது வயதுப் பையன் ஒருவன் ஈர டெக்கில் மீன் கூடையோடு திரும்பினான். கால் நின்றது. மாஸ்டர் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். மணி அசையவில்லை.

விஞ்ச் பக்கம், இரும்பு வந்து மோதுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மொட்டை. அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார்.

‘பந்து படுற இடம் நைனா’ என்று பதில் வந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், அந்த ஒரு உள்ளங்கைக்கு எவ்வளவு ரெசின் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினார்.