இரண்டு பரிஸ்தான்கள்

பக்தாதில் நூல்களைப் படியெடுத்து விற்கும் தொழில் செய்துவந்த இப்னு நதீம் என்னும் அறிஞர், ஹிஜ்ரி 377-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 987-இல், ‘அல் ஃபிஹ்ரிஸ்த்’ என்றொரு நூற்பட்டியலைத் தொகுத்தார். அரபு மொழியில் அந்நாள்வரை வெளிவந்த நூல்களையும் அவற்றை ஆக்கியோரையும் துறைவாரியாக வரிசைப்படுத்திய பெரும்பணி அது. அதில் காணப்படும் நூல்களுள் மிகப் பல இன்று உலகில் இல்லை. பெயர் இருக்கிறது, கிதாபு இல்லை. நாம் மத்ரஸாவில் ஓதிய நாளில் எம் உஸ்தாத் அந்நூலைப் புரட்டிக் காட்டியபோது, மையவாடியில் மீஸான் கற்களை வாசித்துக்கொண்டே நடப்பது போன்ற உணர்வு எமக்கு உண்டாயிற்று. பின்னாளில் வேறொரு பட்டியலை வாசித்தபோதும் அவ்வுணர்வு எம்மைப் பற்றிக்கொண்டது. அது இந்திய ஊமைப்படங்களின் பட்டியல்.

கிதாபு ஓதிக்கொடுக்கும் ஆசிரியனுக்கு ஊமைப்படத்தோடு என்ன உறவு என்று வாசக நேயர்கள் வியக்கலாம். வியப்பு நியாயமே. எனினும், பழைய சுவடிகளைத் தேடுவதையும், பிரதிகளை ஒப்பிட்டுப் பிழை களைவதையும் வாழ்நாள் வேலையாகக் கொண்டவனுக்கு, பழைய படச்சுருளின் கதை அயலார் கதையாகத் தோன்றுவதில்லை. இரண்டும் ஒரே நோயால் மாள்கின்றன. ஒரே மருந்தால் பிழைக்கின்றன. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதலானோம்.

1926-ஆம் ஆண்டில் இரு வேறு நாடுகளில் இரு பெண்மணிகள் இரண்டு ஊமைப்படங்களை இயக்கினர். ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த லோட்டே ரைனிகர். மற்றவர் பம்பாயைச் சேர்ந்த ஃபாத்திமா பேகம். முன்னவர் எடுத்தது, ஆயிரத்தோர் இரவுகளிலிருந்து கதை பெற்ற ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’. பின்னவர் எடுத்தது ‘புல்புலே பரிஸ்தான்’. பரிகள் வாழும் நாட்டைப் பரிஸ்தான் என்பது பாரசீக, உர்தூ வழக்கு என்பதை நேயர்கள் அறிவர். ஜெர்மானியப் பெண்மணியின் படத்திலும் நாயகி பரீ பானு என்னும் பரியே. ஆக, ஒரே ஆண்டில் இரண்டு பரிஸ்தான்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று இன்று எம் வீட்டு அலமாரியில் குறுந்தகடாக இருக்கிறது. மற்றொன்று உலகில் எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

முதலில், இருப்பதைப் பற்றிப் பேசுவோம். ரைனிகர் அம்மையார் கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரியால் வெட்டி உருவங்கள் செய்தார். கை, கால், கழுத்து ஆகியவற்றைத் தனித்தனியே வெட்டிக் கம்பியால் பிணைத்தார். அவற்றைக் கீழிருந்து ஒளியூட்டப்பட்ட கண்ணாடியின்மீது கிடத்தி, மேலே பொருத்திய கேமராவால் ஒவ்வோர் அசைவையும் தனித்தனிப் படமாக எடுத்தார். கணவர் கார்ல் கோஹ் உள்ளிட்ட சிலர் துணை நிற்க, 1923-இல் தொடங்கிய வேலை 1926-இல் நிறைவெய்தியது. அவ்வாண்டு மே 2-ஆம் நாள் பெர்லினில் முதற்காட்சி நடந்தது. இன்று கிடைக்கும் முழுநீள அசைவுச் சித்திரங்களுள் இதுவே மிகப் பழையது என்பது அறிஞர் கருத்து. நிழலைக் கொண்டு கதை சொல்லும் கலை அரபு மக்களுக்குப் புதிதன்று. கெய்ரோவில் வாழ்ந்து 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னு தானியால் இயற்றிய மூன்று நிழற்கூத்து நாடகங்கள் கையெழுத்துப் பிரதிகளாக எஞ்சியுள்ளன.

இப்படத்தின் கதைக்கும் ஒரு வரலாறு உண்டு. அஹ்மத், பரீ பானு கதைக்கும் அலாவுத்தீன் கதைக்கும் பழைய அரபு மூலப் பிரதி எதுவும் கிடைக்கவில்லை. ஹலப் நகரத்துக் கிறிஸ்தவரான ஹன்னா தியாப் என்பார் 1709-இல் பாரிஸில் கூறியவற்றைக் கேட்டே ஆந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவற்றைத் தம் தொகுப்பில் சேர்த்தார். ஆயிரத்தோர் இரவுகளின் முன்னோடியான ‘ஹஸார் அஃப்ஸான்’ என்னும் பாரசீக நூலின் பெயர் இப்னு நதீமின் பட்டியலில் உண்டு; நூல் அழிந்துபோயிற்று. கதைகளோ ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கும், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்கும் சென்று பிழைத்தன.

படமும் அப்படியே பிழைத்தது. 1945-இல் பெர்லின் போரில் அதன் மூலச்சுருள் அழிந்தது. அந்த ஒன்றைத் தவிர வேறு பிரதி இல்லாதிருந்திருப்பின் அஹ்மதின் பறக்கும் குதிரை அன்றே சாம்பலாகியிருக்கும். ஆனால் பிரதிகள் முன்னமே வெளிநாடுகளுக்குச் சென்றிருந்தன. எஞ்சியிருந்த நைட்ரேட் பிரதிகளைக் கொண்டு ஜெர்மானிய, பிரிட்டிஷ் ஆவணக் காப்பாளர்கள் 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் படத்தைச் செப்பனிட்டனர். மங்கி மறைந்திருந்த நீலமும் மஞ்சளும் சிவப்பும் மீண்டும் ஏறின. சுவடிப் பதிப்பில் பிரதிகளை ஒப்புநோக்குவதை ‘முகாபலா’ என்று நாம் கூறுவோம். படச்சுருளுக்கு அவர்கள் செய்ததும் முகாபலாவே. இதனினும் முக்கியமான செய்தி, செப்பனிட்ட படத்தை அவர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை என்பது. வீட்டில் வைத்துப் பார்ப்பதற்குரிய தகடாக வெளியிட்டனர். அதனாலன்றோ வெளிநாட்டிலிருந்து வந்த எம் மருமகன் அதனை வாங்கி வர, நாம் காண நேர்ந்தது!

எம் இல்லத்துப் பெண்டிர் திரையரங்கு வாசலை மிதித்தவரல்லர். எம் சமூகத்தில் இத்தகைய குடும்பங்கள் பல உள என்பதை நேயர்கள் அறிவர். அவர்களைப் பொறுத்தவரை வீட்டிற்குள் வரும் படமே படம். பேத்திக்கு அப்போது ஏழு வயது. இடையிடையே திரையில் தோன்றும் எழுத்து வாசகங்களை நாம் தமிழாக்கிச் சொல்லச் சொல்ல, அவள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்வாக் தீவு என்ற பெயர் வந்தபோது படத்தை நிறுத்தி, அப்பெயர் அரபுப் புவியியல் நூல்களில் வருவதைச் சொன்னோம். தீய சூனியக்காரனை ஆப்பிரிக்கனாகக் காட்டிய இடத்திலும் நிறுத்தினோம். பாட்டனாரை அப்பா என்றழைப்பது எங்களூர் வழக்கம். “அப்பா, அவன் ஏன் கெட்டவன்?” என்று கேட்டாள். “அவன் செய்யும் வஞ்சகத்தால் கெட்டவன், பிறந்த நாட்டால் அன்று. படம் எடுத்தவர்கள் அந்த வேறுபாட்டைக் காட்டவில்லை” என்றோம். நிறுத்தவும், விளக்கவும், மீண்டும் பார்க்கவும் இடமிருந்ததால்தான் அந்தப் பேச்சு நிகழ்ந்தது. அரங்கில் அதற்கு வழியேது? படத்தைக் குழந்தையிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து செல்வது வேறு. கிதாபைப் போல் பக்கத்திலிருந்து ஓதிக்கொடுப்பது வேறு.

இனி, இல்லாத பரிஸ்தானுக்கு வருவோம். ஃபாத்திமா பேகம் உர்தூ நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். இந்தியாவில் படம் இயக்கிய முதற் பெண்மணியாக வரலாற்றாசிரியர்கள் அவரையே குறிக்கின்றனர். சொந்தப் பெயரில் படநிறுவனமும் நடத்தினார். 1931 மார்ச் 14-ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் வெளியான முதல் இந்தியப் பேசும்படம் ‘ஆலம் ஆரா’வின் நாயகி சுபைதா அவருடைய மகள். தாயின் ‘புல்புலே பரிஸ்தான்’ இன்றில்லை. மகளின் ‘ஆலம் ஆரா’வும் இன்றில்லை. ரைனிகர் 1981-இலும் ஃபாத்திமா பேகம் 1983-இலும் மறைந்தனர். முன்னவரின் கைவண்ணம் உலகெங்கும் வீடுகளில் ஒளிர்கிறது. பின்னவரின் பெயரைச் சொன்னால், அவர் எடுத்த பரிஸ்தான் எப்படியிருந்தது என்று காட்ட எம்மிடம் ஓரடிச் சுருள்கூட இல்லை.

ஏன் இந்த வேற்றுமை? திறமையில் ஏற்றத்தாழ்வு என்று தீர்ப்புக் கூற வழியில்லை. ஒன்றைப் பார்த்தாலன்றோ ஒப்பிட முடியும்! காரணம் எளியது. நைட்ரேட் சுருள் தீக்கு இரை. வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பின்னர்ப் பொடியாவது அதன் இயல்பு. பேசும்படம் வந்தபின் ஊமைப்படத்திற்கு விலையில்லாது போயிற்று. சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே அழிக்கப்பட்டவை பல. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964-இல்தான். அதன் பொறுப்பிலிருந்து நாடெங்கும் அலைந்து சுருள்களைத் திரட்டிய பி.கே. நாயர் இல்லாதிருந்தால், பால்கேயின் படங்களில் எஞ்சிய பகுதிகளையும் நாம் இழந்திருப்போம். இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் 1,300-க்கும் மேல் என்பர். முழுமையாகவோ துண்டாகவோ எஞ்சியவை ஏறத்தாழ 30 மட்டுமே. காப்பகத்தில் சேர்ந்துவிட்டால் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. 2003 ஜனவரியில் பூனாவில் நிகழ்ந்த தீ விபத்தில் நூற்றுக்கணக்கான படங்களின் நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோயின.

எம் முன்னோர் ஒரு நூலைக் காத்த முறையை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆசிரியர் ஓதுவார், மாணவர் எழுதுவர், இஜாஸா பெற்று அவரவர் ஊருக்கு எடுத்துச் செல்வர். பக்தாதில் ஒரு நூலகம் அழிந்தாலும் கெய்ரோவிலோ குர்துபாவிலோ ஒரு பிரதி இருந்தது. பலர் கைக்குச் சென்ற நூல்கள் பிழைத்தன. ஒரே பெட்டியில் அடைபட்டவை பெட்டியோடு போயின. வீட்டுக்குரிய தகடாக ஒரு படம் வெளியாவதை நாம் வெறும் பொழுதுபோக்கு வாணிபமாகக் கருதாததன் காரணம் இதுவே. அது படியெடுத்தல், ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பிரதிகளை வைத்துவிடும் ஏற்பாடு. இணையத்தின் வழியாகப் பார்க்கலாமே என்பர். பார்க்கலாம்; ஆனால் உரிமம் முடிந்த மறுநாள் அப்படம் அங்கே இராது. அலமாரியில் உள்ள கிதாபை எவரும் தூரத்திலிருந்து எடுத்துச் செல்ல முடியாதன்றோ?

ஆதலால் எம் விருப்பங்கள் சிலவற்றை இங்கே முன்வைக்கிறோம். 1928-இல் ஃபிரான்ஸ் ஆஸ்டன் இயக்க, ஹிமான்சு ராய் தயாரித்து நடித்த ‘ஷிராஸ்’ என்ற ஊமைப்படம் தாஜ்மஹாலின் கதையைச் சொல்வது. பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் அதனைச் செப்பனிட, 2017-இல் அனௌஷ்கா சங்கரின் இசையுடன் லண்டனில் திரையிடப்பட்டது. பின்னர்த் தகடாகவும் வெளிவந்தது. அதில் மும்தாஜ், குயவர் இல்லத்தில் வளர்ந்து அடிமையாக விற்கப்பட்டவராக வருகிறார். வரலாறு அதுவன்று. அவர் ஆசஃப் கானின் மகள் அர்ஜுமந்த் பானு பேகம் என்பது தெளிவு. ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய இந்தியாவின் கோட்டைகளையும் மாந்தரையும் அப்படத்தில் காண்பது பெரும்பேறு. அது எங்களூர் வீடுகளுக்கும் எட்டும் விலையில், தமிழ் வாசகங்களோடு வரவேண்டும். பேசும்படத்தைத் தமிழாக்கக் குரல் கொடுப்போர் வேண்டும், செலவும் மிகுதி. ஊமைப்படத்திற்கோ எழுத்து வாசகங்களை மாற்றினாற் போதும். எந்த மொழிக்கும் உறவாகும் பேறு அதற்கு மட்டுமே உண்டு.

அவ்வாறே, பூனாக் காப்பகத்தில் எஞ்சியுள்ள ஊமைப்படங்கள் அனைத்தும் ஒரு தொகுதியாக, விளக்கநூலுடன் வெளிவர வேண்டும். நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933-இல் வெளியான ‘மார்த்தாண்ட வர்மா’, நாவலின் உரிமை பற்றிய வழக்கினால் முடங்கியது. நூல் வெளியீட்டாளரிடம் கிடந்த அதன் பிரதி 1974-இல் காப்பகத்தைச் சேர்ந்தது. புத்தகக் கடை காத்துக்கொடுத்த அப்படம் புத்தகங்களைப் போல் வீட்டுக்கு வருவதே முறை. நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை வெளியான 60 ஆண்டுகளில் முடிகிறது. ஆகவே ஊமைப்படங்களுக்கு உரிமைத் தடை இல்லை. வேண்டுவது மனமும் முயற்சியுமே.

அழிந்தது அழிந்ததுதானா? நம்பிக்கை இழக்கலாகாது. டிரையரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்தின் மூலவடிவம் 1981-இல் ஓஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையில் அகப்பட்டது. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் காணாமற்போன பகுதிகள் 2008-இல் பூனஸ் அயர்ஸ் நகரில் கிடைத்தன. இரண்டும் எவரோ ஒருவர் தூக்கியெறியாமல் வைத்ததால் கிடைத்தவை. நேயர்களின் பூர்வீக இல்லத்துப் பரணிலோ, பழைய கிடங்கிலோ வட்டத் தகரப் பெட்டிகள் தென்பட்டால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அருகில் தீயோ விளக்கோ கொண்டுசெல்லாதீர்கள். சுருளை நீங்களே பிரித்திழுக்கவும் வேண்டா. நிழலான இடத்தில் வைத்துவிட்டு, பூனாக் காப்பகத்திற்கு எழுதுங்கள். ஒருவேளை அதில் ஒன்றுமிராது. ஒருவேளை ஃபாத்திமா பேகத்தின் பரிஸ்தானாகவும் இருக்கலாம்.

அப்படியொரு நாள் வாய்க்குமாயின், அப்படம் ஆவணக் காப்பகத்தின் குளிரறையோடு நின்றுவிடாமல் தகடாகி வீடுகளுக்கும் வரவேண்டும். எம் அலமாரியில் அஹ்மதின் பக்கத்தில் அதற்கொரு விரற்கடை இடம் ஒதுக்கியிருக்கிறோம். வாசகங்களைப் படித்துச் சொல்ல அன்று நாம் இல்லாவிட்டாலும், பேத்தி இருப்பாள், இன்ஷா அல்லாஹ்.