கொண்டுபோய் விட்ட மீன்

நம் கிராமத்தில் தூண்டில் போடுகிறவனுக்கு ஒரே லட்சியம்தான்: மத்தியானக் குழம்பு. பிடித்த மீனை மறுபடியும் தண்ணீரிலேயே விடுவதற்காக, உறைபனியில் ஆற்றுக்குள் இறங்கி நிற்கிறவனைக் கண்டால் வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிடுவார்கள். அமெரிக்காவிலோ அதற்குப் பணம் கட்டி உரிமம் வாங்குகிறார்கள்.

கொலராடோவில் இருக்கிற என் தம்பிக்கு இந்தப் பித்து உண்டு. ஒரு ஜனவரியில் என்னை சௌத் பிளாட் ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போனான். டென்வர் நகரத்தின் குடிநீருக்காக 1905இல் கட்டி முடித்த சீஸ்மன் அணை, 221 அடி உயரம். அணைக்குள் ஆழத்து நீர் குளிர்காலத்திலும் நாலு டிகிரியை ஒட்டியே இருக்கும். அதுதான் வெளியே வருகிறது. ஆகையால் கரையெல்லாம் பனி மூடிக் கிடந்தும் ஆறு மட்டும் உறையாமல் ஓடுகிறது.

குளிரில் டிரவுட் மீனுக்கு உடம்பு மந்தித்துவிடும். இரையைத் துரத்தாது. ஆழமான, வேகம் குறைந்த இடத்தில் சும்மா நிற்கும். கொசுவுக்குப் பங்காளி போல ஒரு பூச்சி. அதன் புழுவைப் பார்த்து, எறும்பளவு முள்ளில் நூல் சுற்றிப் பொய் இரை செய்கிறார்கள். அது மீனின் வாய்க்கு நேராக மிதந்து போகவேண்டும். மேலே தக்கை ஒரு கணம் தயங்கினால் மீன் தொட்டதாக அர்த்தம்.

அம்மா என்னிடம் ஒரு கேள்வி கொடுத்தனுப்பியிருந்தாள். மூன்று வருஷத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவன். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. வருவானா, மாட்டானா? வீட்டை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

கேட்டேன். அவன் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த மீனெல்லாம் எந்த ஊர் தெரியுமா, அண்ணா? பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வானவில் டிரவுட் பசிபிக் கரையிலிருந்து. இந்த ஆற்றுக்கே சொந்தமான பச்சை முதுகு டிரவுட் 1937இல் அற்றுப்போனதாக எழுதிவிட்டார்கள். 2012இல் மரபணுவைச் சோதித்தபோது, அசல் வம்சம் வேறொரு மலையில் ஒரு சின்ன ஓடையில் மட்டும் இருப்பது தெரிந்தது. அது அங்கே பிறந்த மீன் அல்ல. போன நூற்றாண்டுக்கும் முன்னால் யாரோ கொண்டுபோய் விட்டது. விட்டிராவிட்டால் இன்றைக்கு அந்த வம்சமே இல்லை."

தக்கை தயங்கிற்று. கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தான். உலர்ந்த கை பட்டால் அதன் மேல்வழுவழுப்பு போய்விடுமாம். ஒரு முழம் இருக்கும். முள்ளைக் கழற்றி, நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டிருந்தான். கை விலகியதும் மீன் போய்விட்டது.

"அப்படியானால் வரமாட்டாய்?" என்றேன்.

வெகுநேரம் கழித்து, "வீட்டை விற்கவேண்டாம் என்று சொல்" என்றான்.

ஊருக்கு வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவள் அதை, 'வருகிறேன்' என்று வாங்கிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அடுத்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு மேல்தளத்து ஒழுக்கை அடைக்கச் சொன்னாள்.