கையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கச் சொன்னவருக்கு

மதிப்புக்குரிய பாரசீகரே,

உங்களைப் பெயர் சொல்லி அழைக்க வழியில்லை. காஸ்தோன் லெரூ உங்களுக்குப் பெயரே வைக்கவில்லை. 1909 செப்டம்பரில் 'லெ கோலுவா' நாளிதழில் தொடராகத் தொடங்கி 1910இல் நூலாக வந்த அவருடைய ஆப்பெரா பேய்க் கதையில், முகமூடிக்காரனுக்கு எரிக் என்று பெயர் இருக்கிறது. உங்கள் வேலைக்காரர் டாரியஸுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. உங்களுக்கு ஓர் அஸ்ட்ரகான் தொப்பியும் 'தரோகா' (காவல் தலைவர்) என்ற பழைய பதவியும் போதும் என்று விட்டுவிட்டார். 1990இல் சூசன் கே தன் நாவலில் உங்களுக்கு நாதிர் என்று பெயர் சூட்டினார். நல்ல பெயர்தான். ஆனால் நான் கடமைப்பட்டிருப்பது பெயரில்லாத உங்களுக்கு.

எரிக் கடத்திய பாடகி கிறிஸ்தீனைத் தேடி, அவள் காதலன் ரவூலை ஆப்பெரா நிலவறையில் அழைத்துக்கொண்டு போனபோது நீங்கள் இட்ட ஒரு கட்டளைக்காகத்தான் இந்த நன்றி. துப்பாக்கி கையில் இருக்கிறதோ இல்லையோ, கையை மடக்கிக் கண் மட்டத்தில் தூக்கிப் பிடித்தபடியே நடக்க வேண்டும் என்றீர்கள். காரணம் சொல்லவில்லை. அந்த இளம் பிரபுவும், துப்பாக்கிச் சண்டையில் சுடும் உத்தரவுக்குக் காத்திருப்பவன்போல, கும்மிருட்டில் கையைத் தூக்கிக்கொண்டு படிப்படியாக இறங்குகிறான். பார்க்கச் சிரிப்பு வரவேண்டிய காட்சி. எனக்கு வரவில்லை. புத்தகத்தை ஒரு கையில் பிடித்திருந்தேன். மறு கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

கோதிக் கதைகளில் வில்லன்களின் ஆயுதத்துக்குப் பஞ்சமே இல்லை. கத்தி, நஞ்சு, கோரைப்பல் எல்லாம் உண்டு. அவை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பயம் காட்டும். எரிக் தூரத்திலிருந்து கழுத்தில் வீசி இறுக்கும் 'பஞ்சாப் சுருக்கு' அப்படி இல்லை. நாவலின் பாரிஸ் பகுதி முழுவதிலும் அவன் அதை ஒருவர்மேல் வீசுவதை நாம் நேராகப் பார்ப்பதே இல்லை. நமக்குக் கிடைப்பது அதனால் விளைந்த ஒரு பிணமும், அதற்கு அஞ்சித் தூக்கிய உங்கள் கையும்தான்.

பிணம் ழோசெஃப் புக்கேயுடையது. சீன் மாற்றும் ஆட்களின் மேஸ்திரி. மேடைக்குக் கீழே மூன்றாம் நிலவறையில் தொங்கிக் கிடக்கிறான், 'லாகூர் மன்னன்' நாடகத்தின் சீன் தட்டிக்குப் பக்கத்தில். அது மஸ்னே இசையமைத்து 1877இல் அதே பாரிஸ் ஆப்பெராவில் நிஜமாகவே அரங்கேறிய படைப்பு. பஞ்சாப் கயிற்றில் செத்தவனை லாகூர்ப் படுதாவுக்கு அருகில் தொங்கவிட்டது தற்செயல் என்று நான் நம்பமாட்டேன். லெரூ பழைய பத்திரிகைக்காரர். இந்த மாதிரிக் குறும்பு செய்யக்கூடியவர்தான். ஆட்கள் பிணத்தை இறக்க வருவதற்குள் கயிறு மாயமாகிவிடுகிறது. அது நரம்பில் முறுக்கியது, நீதிபதி கண்ணில் பட்டால் யோசிக்கத் தொடங்கிவிடுவார், அதனால்தான் எரிக் எடுத்துப் போயிருக்க வேண்டும் என்று பிற்பாடு விளக்கியவர் நீங்கள்தான்.

அந்த நரம்பைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அன்றைய வயலின்களுக்குக் கட்டியதும் ஆட்டுக்குடலில் திரித்த நரம்புதான். பெரோஸ் ஊர்க் கல்லறையில் வயலின் வாசித்துக் கிறிஸ்தீனை உருக வைத்த அதே மனிதன், அதே பொருளைக் கொலைக்கும் வைத்திருக்கிறான். லெரூ இதைச் சுட்டிக்காட்டி நம்மைச் சலிப்படைய வைக்கவில்லை. கயிறு எதனால் ஆனது என்று உங்கள் வாயால் ஒரு வரியில் சொல்ல வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

உங்கள் தற்காப்பின் நுட்பத்துக்கு வருகிறேன். சுருக்கு கழுத்தில் மட்டும் விழுந்தால் கதை முடிந்தது. கை குறுக்கே இருந்தால் சுருக்கு கழுத்தையும் கையையும் சேர்த்துப் பிடிக்கும். பிறகு இறுகாது, கழற்றி எறிந்துவிடலாம். எங்கள் ஊரில் இதைப் படித்த யாருக்கும் திருக்கடையூர் நினைவுக்கு வரும். எமன் வீசிய பாசக்கயிறு மார்க்கண்டேயனோடு சிவலிங்கத்தையும் சேர்த்து வளைத்ததால்தானே அங்கே கதை திரும்பியது? உங்களுக்குக் கட்டிக்கொள்ள லிங்கம் இல்லை. இருந்த கையை வைத்துக்கொண்டீர்கள்.

ஆனால் இந்த நுட்பம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நன்றி மடலில் கேட்கக்கூடாத கேள்வி. கேட்காமல் விட்டால் நன்றி பாதிதான். பாரசீகத்தின் மாசந்தரானில் நீங்கள் காவல் தலைவர். ஷாவின் ஆணைப்படி எரிக்கைத் தேடிப் பிடித்துப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தவரும் நீங்கள். அங்கே இளைய சுல்தானாவின் பொழுதுபோக்குக்காக எரிக்கை ஒரு முற்றத்தில் அடைப்பார்கள். எதிரே நீண்ட ஈட்டியும் அகன்ற வாளும் ஏந்திய வீரன். எரிக்கிடம் கயிறு மட்டும். வீரன் வெட்டப் போகும் கணத்தில் கயிறு சீறும். மாடத்துப் பெண்கள் கைதட்டுவார்கள். சுல்தானாவும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு தன் தோழிப் பெண்களையே கொன்றாள். அத்தனையும் நடந்த ஊரில் சட்டத்தின் காவலர் நீங்கள். கையை உயர்த்தத் தெரியாதவர்கள் பலர் செத்ததைக் கண்டவருக்குத்தான் அந்தப் பாடம் வாய்க்கும். பிறகு ஷா எரிக்கைக் கொல்லச் சொன்னபோது அவனைத் தப்பவிட்டு, கடற்கரையில் ஒதுங்கிய வேறொரு சடலத்துக்கு அவன் உடையை மாட்டிக் காட்டி, சொத்தையும் நாட்டையும் இழந்தீர்கள். கறை படிந்த மனிதர் நீங்கள். கதையில் நான் நம்புவதும் உங்களைத்தான்.

ஒரு சின்னத் திருத்தம், கோபிக்காதீர்கள். பஞ்சாபில் அப்படியொரு வீச்சுக் கயிறு இருந்ததாக, நான் அறிந்தவரை, லெரூவின் கற்பனையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதன் வேர் 'தக்கர்' எனப்பட்ட இந்திய வழிப்பறிக் கொலைகாரர்களைப் பற்றிய கதைகளில் இருக்கிறது. 1816இல் சென்னைக் கோட்டையில் மருத்துவராக இருந்த ஷெர்வுட், தெற்குப் பாதைகளில் வழிப்போக்கரைச் சுருக்கிட்டுக் கொன்றவர்களைப் பற்றி எழுதினார். 1830களில் ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் அவர்கள்மேல் நடத்திய வேட்டையும், 1839இல் மெடோஸ் டெய்லர் எழுதிய நாவலும் அந்தப் பீதியை ஐரோப்பாவெங்கும் கொண்டுபோயின. பிரெஞ்சு வாசகர்களுக்கு யூஜேன் சூவின் தொடர்கதை வழியாகவே கழுத்து நெரிக்கும் இந்தியன் பழக்கமாகியிருந்தான். அந்தக் கதைகளில் தக்கரிடம் இருந்தது பெரும்பாலும் ஒரு துணி. வழித்துணைபோல நெருங்கி, பின்னாலிருந்து இறுக்குவார்கள். தூரத்திலிருந்து வீசும் நரம்புக்கயிறு அல்ல. அந்தப் பதிவுகளிலேயே வெள்ளையரின் அச்சம் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். கீழ்நாடு என்றாலே கொலை வித்தை என்ற நினைப்பு லெரூவிடமும் இருந்தது. அந்த நினைப்புக்கு நடுவே, கொலையைத் தடுக்கத் தெரிந்த ஒரு கீழ்நாட்டுக்காரரையும் அவர் வைத்தார். அந்த அளவில் அவரை மன்னிக்கிறேன்.

பின்னால் வந்தவர்கள் உங்களிடம் அவ்வளவு நியாயமாக நடக்கவில்லை. 1925இல் லான் சேனி நடித்த மௌனப் படத்தில், திரையில் வரும் எழுத்துகளை மாற்றி உங்களை லெதூ என்ற ரகசியப் போலீஸ்காரராக்கினார்கள். தொப்பியை மட்டும் மாற்ற முடியவில்லை. 1943 படத்தில் நீங்களும் இல்லை, சுருக்கும் இல்லை. முகத்தில் அமிலம் பட்ட ஓர் இசைக்கலைஞன்மேல் இரக்கம்தான் அங்கே மிச்சம். 1986இல் லண்டனில் அரங்கேறிய ஆண்ட்ரூ லாயிட் வெப்பரின் இசை நாடகம் சுருக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. புக்கே அதைப் பற்றி நடனப் பெண்களிடம் பாடிக் காட்டிப் பயமுறுத்துகிறான், பிறகு அதிலேயே தொங்குகிறான். நியூயார்க்கில் மட்டும் அந்த நாடகம் 1988 முதல் 2023 வரை 13,981 முறை நடந்தது. உங்கள் கட்டளை அங்கே நடனப் பயிற்சியாளர் ஜிரி அம்மாளின் வாய்க்குப் போய்விட்டது. இத்தனை பேர் காதில் அது விழுந்ததே என்று மகிழ்கிறேன். யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாமல் போனதில் எனக்குக் கோபமும் உண்டு.

ஒன்றைக் கவனித்தேன். அந்த நாடகத்தில் ஜிரி அம்மாள் வழி காட்டிவிட்டு, இதற்குமேல் வரமாட்டேன் என்று பாதியிலேயே நின்றுவிடுகிறார். எச்சரிக்கையைக் காதில் வாங்கியபடி தனியாகப் போன ரவூலின் கழுத்தில் கடைசியில் சுருக்கு விழத்தான் செய்கிறது. லெரூவின் நாவலில் அவன் கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் அவனைச் சொல்லி அனுப்பவில்லை. உங்கள் கையையும் கண் மட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு, கண்ணாடிச் சித்திரவதை அறை வரைக்கும் அவனோடு இறங்கினீர்கள்.


உங்கள் வாசகர்களில் ஒருவர்